ஸ்டீம் பீரை ருசித்துப் பருகுவது எப்படி

ஸ்டீம் பீரை முறையாக ருசிக்க விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது, பாட்டிலைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் கால் மணி நேரம் அதைத் தொடாமல் இருப்பதுதான். பீர் என்றால் பல் கூசும் அளவுக்குச் சில்லென்று இருக்க வேண்டும் என்று பழகியவர்களுக்கு இது வீண் காத்திருப்பாகத் தோன்றும். ஆனால் பனிக்கட்டி எளிதில் கிடைக்காத ஓர் ஊரில், அது இல்லாமலேயே சமாளிக்கக் கற்றுக்கொண்டவர்களின் கையில் உருவான பீர் இது. கடுங்குளிரில் குடித்தால் அதன் சுவையில் பாதி நாக்குக்கு எட்டாமலே தொண்டைக்குள் இறங்கிவிடும்.

அந்த ஊர் சான் பிரான்சிஸ்கோ. 1848-ல் கலிஃபோர்னியாவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டு, மறு ஆண்டிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து இறங்கியபோது, அவர்களோடு ஜெர்மானியப் பீர் காய்ச்சுநர்களும் வந்தார்கள். அவர்கள் கைவசம் இருந்தது லாகர் வகை ஈஸ்ட். அந்த ஈஸ்ட் சுமார் 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் மெதுவாக வேலை செய்வது; நொதித்தல் முடிந்த பிறகும் பீரை வாரக்கணக்கில் குளிர்ந்த நிலவறையில் கிடத்திவைக்க வேண்டும். புதிதாக முளைத்த அந்தத் துறைமுக நகரத்தில் நிலவறையும் இல்லை, குளிர்பதன இயந்திரமும் இல்லை. அப்போது ரஷ்யர் வசம் இருந்த அலாஸ்காவின் சிட்காவிலிருந்து 1852-ல் பனிக்கட்டி கப்பலில் வரத் தொடங்கியது என்றாலும், உழைப்பாளிகளுக்கு மலிவாக விற்க வேண்டிய பீருக்கு அதைச் செலவழித்துக் கட்டுபடியாகாது. ஊரில் தாராளமாகக் கிடைத்தது பசிபிக் கடலிலிருந்து மாலைதோறும் ஏறிவரும் மூடுபனியும் அதன் குளிர்காற்றும்தான்.

ஆகவே முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டின் சாற்றைக் கொதிக்கக் காய்ச்சி, அதை அகலமான, ஆழம் குறைந்த தொட்டிகளில் ஊற்றி, அந்தக் காற்றிலேயே ஆறவிட்டார்கள். நொதிக்கும்போது ஈஸ்ட் தானாகவே சூட்டைக் கிளப்பும். பாயசத்தைத் தாம்பாளத்தில் ஊற்றினால் சீக்கிரம் ஆறுவதுபோல, பரந்த தொட்டியில் அந்தச் சூடு மேற்பரப்பு வழியே வெளியேறிவிடும். அப்படியும் சாறு 16, 18 டிகிரிக்குக் கீழே போகவில்லை. லாகர் ஈஸ்ட், வெதுவெதுப்பில் நொதிக்கும் இன்னொரு பீர் வகையான ஏலுக்குரிய சூட்டில் வேலை செய்ய நேர்ந்தது. அதிலிருந்து வந்த பீரில் லாகரின் துப்புரவான முடிவும் இருந்தது, ஏலின் மெல்லிய பழவாடையும் இருந்தது. வேறு வழியில்லாமல் செய்தது ஒரு தனி வகையாக நிலைத்துவிட்டது. ‘ஸ்டீம்’, அதாவது நீராவி, என்ற பெயருக்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. சூடான சாறு குளிர்காற்றில் ஆறும்போது ஆலையின் கூரைமேல் எழுந்த ஆவியைப் பார்த்து வைத்த பெயர் என்பது ஒன்று. பீப்பாயைத் திறந்ததும் உள்ளே அடைபட்டிருந்த வாயு நீராவிபோல் சீறி வந்ததால் வந்த பெயர் என்பது மற்றொன்று. எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படியாக இருக்கிறது. பீப்பாய்க்குள்ளேயே இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் சாற்றைச் சேர்த்து வாயு ஏற்றுவது இந்த வகையின் பழைய வழக்கம்.

எந்த பாட்டிலை வாங்குவது

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த வகையை அழியாமல் காத்தது ஆங்கர் என்ற ஒரே ஆலை. அதன் வேர் 1871-ல் காட்லீப் பிரெக்ல் என்ற ஜெர்மானியர் வாங்கிய ஒரு மதுக்கடையில் தொடங்குகிறது. 1896-ல் வாங்கிய பரூத், ஷிங்கல் என்ற இருவர் அதற்கு ஆங்கர் என்று பெயரிட்டார்கள். 1906 நிலநடுக்கத்தை அடுத்து மூண்ட தீயில் ஆலை எரிந்தது. பிறகு 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. பழுதாகாமல் பீர் தர முடியாமல் தள்ளாடிக்கொண்டிருந்த அந்த ஆலை 1965-ல் மூடப்படவிருந்த நேரத்தில், ஃபிரிட்ஸ் மேடேக் என்ற இளைஞர் அதில் 51 சதவீதப் பங்கை வாங்கினார். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பேர்போன மேடேக் குடும்பத்துப் பிள்ளை அவர். நார்த் பீச் பகுதி உணவகம் ஒன்றில் வழக்கமாக ஸ்டீம் பீர் குடித்துவந்தவரிடம், அந்த உணவக உரிமையாளர் “ஆலையை மூடப்போகிறார்கள், போய் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்” என்று சொல்லியிருக்கிறார். பார்க்கப் போனவர் வாங்கிவிட்டுத் திரும்பினார். புளித்துப்போகும் பீரைச் சீராக்கி, 1971-ல் பாட்டிலில் அடைத்து, 1979-ல் பொட்ரேரோ குன்றில் இருந்த பழைய காப்பி வறுக்கும் ஆலைக்குள் செப்புக் கொப்பரைகளைக் கொண்டுபோய் வைத்தார். சிறு ஆலைகள் தங்கள் பாணியில் காய்ச்சும் கிராஃப்ட் பீரின் அலை அமெரிக்காவில் அங்கிருந்துதான் எழுந்தது என்று சொல்வதை நான் மிகையாக நினைக்கவில்லை.

ஆனால் 2017-ல் ஜப்பானின் சப்போரோ நிறுவனத்தின் கைக்குப் போன ஆங்கர், 2023 ஜூலையில் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் சோபானி தயிர் நிறுவனத்தின் ஹம்தி உலுகாயா அதை வாங்கினார். மூடப்படுவதற்கு முன் அடைத்த பழைய பாட்டில்களைச் சேகரிப்பாளர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள், நல்ல விலைக்கும் தருகிறார்கள். அலமாரியில் வைத்து அழகு பார்க்க வாங்கலாம், ருசிக்க வாங்காதீர்கள். 4.9 சதவீத ஆல்கஹால் உள்ள பீர், வைக்க வைக்க மெருகேறும் பானம் அன்று. ஆலையை விட்டு வந்த மூன்று நான்கு மாதங்களுக்குள் குடித்தால்தான் அது அதுவாக இருக்கும்.

எனவே அருகிலுள்ள கிராஃப்ட் ஆலை ஒன்றில் புதிதாகக் காய்ச்சியதைத் தேடுவதே நல்லது. தேடும்போது ‘ஸ்டீம் பீர்’ என்ற பெயரில் கிடைக்கவில்லையே என்று ஏமாற வேண்டாம். 1981-ல் ஆங்கர் அந்தப் பெயரை வணிகக்குறியாகப் பதிந்துகொண்டதால், மற்ற ஆலைகள் ‘கலிஃபோர்னியா காமன்’ என்றே எழுதுகின்றன. கொலராடோவின் டுராங்கோ நகரத்து ஸ்டீம்வொர்க்ஸ் ஆலையின் ‘ஸ்டீம் எஞ்சின் லாகர்’ போலப் பெயரில் மறைமுகமாகச் சொல்கிறவர்களும் உண்டு. ‘அம்பர்’ என்ற சொல்லை மட்டும் பார்த்து எடுத்துவிடக் கூடாது. அம்பர் ஏலும் அம்பர் லாகரும் நிறத்தால் இதற்கு உறவு, பிறப்பால் அல்ல. பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ; லேபிளில் ‘நார்தர்ன் புரூவர்’ என்ற ஹாப்ஸ் ரகத்தின் பெயர் இருந்தால் நம்பிக்கையோடு வாங்கலாம். இந்த ஹாப்ஸை விட்டுவிட்டு, மாம்பழமும் ஆரஞ்சுத் தோலும் மணக்கும் புதிய ஹாப்ஸ்களைப் போட்டு ‘காமன்’ என்று விற்கிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். குடிக்க நன்றாகவே இருக்கிறது, ஆனால் இந்தக் கட்டுரையில் சொல்லும் மணத்தை அதில் தேடினால் கிடைக்காது.

அடைத்த தேதியைக் கட்டாயம் பாருங்கள். தேதி அச்சிடாத பாட்டிலும், கடை ஜன்னலோரம் வெயிலில் நிற்கும் பாட்டிலும் வேண்டாம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் சிதைந்து, ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நீரை ஒத்த ஒரு நாற்றத்தை உண்டாக்கும். பழுப்பு பாட்டில் அதைப் பெருமளவு தடுக்கும், முழுக்கத் தடுக்காது. பச்சை பாட்டில் அந்த அளவுக்குக்கூடத் தடுக்காது. ஒருமுறை ஒரு கடையில் தள்ளுபடி விலைக்கு ஆறு பாட்டில் வாங்கி வந்தேன். தேதி அழிந்திருந்ததைக் கண்டும் விலையைப் பார்த்து மயங்கிவிட்டேன். ஊற்றினால் நிறம் சரி, நுரை சரி, வாயில் வைத்தால் மழையில் நனைந்த அட்டைப்பெட்டியை மென்றதுபோல் இருந்தது. காற்றுப்பட்டும் சூட்டில் கிடந்தும் கெட்ட பீரின் அடையாளம் அந்த அட்டைச் சுவை. ஆறு பாட்டிலும் அப்படியே. கடைக்காரர் ரசீதைப் பார்த்துவிட்டு, தள்ளுபடிச் சரக்கைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்.

கிளாஸும் ஊற்றும் விதமும்

பாட்டிலோடு குடிக்கக் கூடாதா என்று கேட்டால், குடிக்கலாம்; ஆனால் மூக்குக்கு வேலை இருக்காது. சாதாரண நேரான பைண்ட் கிளாஸ் போதும். வாய் சற்றே குறுகிய கிளாஸ் இருந்தால் மணம் கொஞ்சம் தங்கும். கிளாஸை உறைபெட்டியில் வைத்து வெண்பனி படிய எடுத்து வரும் வழக்கம் சில உணவகங்களில் இருக்கிறது. இந்தப் பீருக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. எண்ணெய்ப் பசையும் சோப்புப் பசையும் நுரைக்கு எதிரிகள். கிளாஸை நன்றாக அலசி, ஊற்றுவதற்கு முன் குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை நனைத்துக் கவிழ்த்துவிட்டு, ஈரத்தோடேயே பயன்படுத்துங்கள். ஊற்றிய பின் உட்சுவரில் குமிழிகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் சுத்தமாகவில்லை என்று பொருள்.

கிளாஸைச் சாய்த்துப் பிடித்துப் பாதி வரை சுவர் வழியாக ஊற்றி, பிறகு நிமிர்த்தி நடுவில் விழும்படி ஊற்ற வேண்டும். இரண்டு விரற்கடை நுரை எழும்ப வேண்டும். நுரை வந்தால் அளவு குறைந்துவிட்டது என்று கணக்குப் பார்க்காதீர்கள். இந்த வகையில் வாயு சற்று அதிகம், அதில் ஒரு பங்கை ஊற்றும்போதே வெளியேற்றினால்தான் வயிறு உப்பாமல் இருக்கும், மணமும் மேலே எழும். வீட்டிலேயே காய்ச்சும் நண்பர் கொடுத்த பாட்டிலானால், அடியில் படிந்திருக்கும் ஈஸ்ட் வண்டல் கிளாஸில் விழாமல் கடைசி ஒரு விரல் அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடுவது நல்லது.

இனி கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே உயர்த்திப் பாருங்கள். ஆறிய கடுங்காப்பியில் தண்ணீர் கலந்தால் வரும் நிறத்துக்கும் தேனின் நிறத்துக்கும் நடுவில், விளிம்பில் செம்பொன் மின்னும்படி இருக்கும். கலங்கல் இருக்கக் கூடாது. நுரை வெள்ளையாக இல்லாமல், லேசாகப் பால் திரிந்த மஞ்சள் ஏறி, நெருக்கமான சிறு குமிழிகளாக, சவரச் சோப்பு நுரைபோல் நிற்கும். இந்த நிறம் வெளியிலிருந்து சேர்த்தது அன்று. பார்லியை ஊறவைத்து முளைகட்டி, உலர்த்தி வறுப்பதைத்தான் மால்ட் என்கிறோம். குழந்தைக்குச் சத்துமாவு அரைக்க நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து வறுப்பதும் இதே கைவேலைதான். வெளிர்நிற மால்ட்டோடு, ஈரத்தோடேயே சூடேற்றி உள்ளுக்குள் சர்க்கரை முறுகவிட்ட கேரமல் மால்ட்டையும் ஒரு பங்கு சேர்ப்பதால் வருவது இந்தச் செம்பொன் நிறம்.

மூன்று சூடுகளில் ஒரே கிளாஸ்

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தபோது 4 டிகிரி அளவில் இருந்த பாட்டில், கால் மணி நேரத்தில் 7, 8 டிகிரிக்கு வந்திருக்கும். வெயிற்காலத்தில், விசிறி மட்டும் ஓடும் அறையில், இதற்குப் பத்து நிமிடமே போதும். இங்கிருந்து தொடங்கி அந்த ஒரு கிளாஸை அரை மணி, முக்கால் மணி நேரம் வைத்துக் குடிக்க வேண்டும். மற்றப் பீர்களில் இதைச் செய்தால் கடைசிப் பகுதி கழுநீர் ஆகிவிடும். நல்ல ஸ்டீம் பீர் சூடு ஏற ஏறத் தன்னைத் திறந்து காட்டும், அதைப் பிடிப்பதில்தான் இந்த ருசித்தலின் சாரம் இருக்கிறது.

முதல் வாய்க்கு முன் இரண்டு மூன்று முறை சிறிதாக மோந்து பாருங்கள். நீளமாக ஒரே இழுப்பாக இழுத்தால் மூக்கு மரத்துப்போகும். குளிர்ச்சியில் முதலில் தெரிவது ஹாப்ஸ். நார்தர்ன் புரூவர் 1934-ல் இங்கிலாந்தில் வை கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியர் சால்மன் உருவாக்கிய ரகம். அதன் மணத்தைப் புதிதாகச் சீவிய மரம், பைன் பிசின், புதினா என்று வர்ணிப்பார்கள். எனக்கு அது கற்பூரவல்லி இலையை விரலில் கசக்கி, அந்தக் கையோடேயே தச்சுப் பட்டறைக்குள் நுழைந்ததுபோல் இருக்கும். வாயில் வைத்ததும் குமிழிகள் நாக்கைக் குத்தும், பின்னாலேயே கசப்பு வரும். கசப்பை அளக்க ஐபியூ என்ற அலகு உண்டு. வெளிர்நிற அமெரிக்க லாகர்கள் பலவும் 10 அளவிலேயே நின்றுவிட, இந்த வகை 30 முதல் 45 வரை போகும். ஆனால் எண் காட்டும் அளவுக்கு நாக்கில் உறைக்காது, ஏனென்றால் மால்ட் அதற்கு அணை கட்டி நிற்கிறது.

பத்து நிமிடம் கழித்து, 10 டிகிரி அளவில், அந்த மால்ட் முன்னால் வரும். இந்தக் கட்டம்தான் மூன்றிலும் சிறந்தது. சிவக்க வாட்டிய ரொட்டியின் ஓரம், பாகு கருகுவதற்கு ஒரு நிமிடம் முன்னால் எழும் வாசனை, வறுத்த மாவின் மணம் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். இவ்வளவு இனிப்பு வாசனை வந்தாலும் விழுங்கிய பின் வாய் வறண்டு, துப்புரவாக முடியும். இனிப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்காது. அந்த வறண்ட முடிவை லாகர் ஈஸ்ட் தந்திருக்கிறது. விழுங்கியதும் அடுத்த வாய்க்குப் போகாமல், வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். மால்ட்டும் ஹாப்ஸும் சேர்ந்து தெரிவது அந்த மூச்சில்தான்.

மூன்றாவது கட்டத்தில், 13, 14 டிகிரியைத் தொடும்போது, குமிழிகள் தணிந்திருக்கும். அதுவரை மறைந்திருந்த பழவாடை, நறுக்கி வைத்த பேரிக்காயைப் போல, மிக லேசாக எட்டிப் பார்க்கும். லாகர் ஈஸ்ட்டை வெதுவெதுப்பில் வேலை வாங்கியதன் தடயம் அது. பலமாக அடித்தால் நல்லதன்று, சந்தேகப்படும் அளவுக்கே இருக்க வேண்டும். குறைகள் இருந்தால் அவையும் இந்தச் சூட்டில்தான் வெளிப்படும். உருக்கிய வெண்ணெய் வாடை வந்தால், நொதித்தல் முடிவதற்குள் அவசரப்பட்டுக் குளிரவைத்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். பச்சை ஆப்பிள் வாடையும் பெரும்பாலும் அதே அவசரத்தின் விளைவுதான். புளிப்புக்கு இந்த வகையில் இடமே இல்லை. இருந்தால் ஆலையில் சுத்தம் போதவில்லை.

இதெல்லாம் ஒன்றும் புரியவில்லை, எல்லாம் பீராகவே இருக்கிறது என்று தோன்றினால் கவலைப்பட வேண்டாம். சாதாரண வெளிர்நிற லாகர் ஒன்றையும், ஆங்கிலேய வகைப் பேல் ஏல் ஒன்றையும் இருபுறமும் சிறு கிளாஸ்களில் வைத்து, நடுவில் ஸ்டீம் பீரை வைத்து மாற்றி மாற்றி ஒவ்வொரு மிடறு குடித்துப் பாருங்கள். லாகருக்குப் பிறகு குடிக்கும்போது இதில் பழமும் பாகும் தெரியும். ஏலுக்குப் பிறகு குடிக்கும்போது இது எவ்வளவு துடைத்துவிட்டதுபோல் முடிகிறது என்பது தெரியும். இடையிடையே வெறும் ரொட்டியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உடன் எதைச் சாப்பிடுவது

சான் பிரான்சிஸ்கோவில் கேட்டால், புளித்த மாவு ரொட்டியும் டஞ்சனஸ் நண்டும் என்பார்கள். நவம்பருக்குப் பிறகு நண்டுப் பருவத்தில் அந்த ஊருக்குப் போகிறவர்கள் முயன்று பார்க்கலாம். நண்டின் இனிப்பை மால்ட் தாங்கிக்கொள்ள, வெண்ணெய்ப் பிசுக்கைக் குமிழிகள் வழித்துவிடும். பாலாடைக்கட்டி பிடிக்கும் என்றால் மேடேக் நீலப் பாலாடைக்கட்டி பொருத்தம். அயோவா மாநிலத்து நியூட்டனில் 1941 முதல் ஃபிரிட்ஸ் மேடேக்கின் குடும்பம் செய்துவந்தது அது. ஆலையைக் காத்தவர் வீட்டுச் சரக்கு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, அதன் உப்பும் காரமும் கேரமல் மால்ட்டோடு நன்றாகப் போகின்றன. நம் சமையலில் மிளகு தூக்கலான வறுவல்கள் எல்லாவற்றுக்கும் இது ஒத்துப்போகும், மிளகில் இருக்கும் மரவாசனை ஹாப்ஸின் மரவாசனையோடு சேர்ந்துகொள்கிறது. மிளகாய்க் காரத்தோடு வேண்டாம். வாயுவும் கசப்பும் ஆல்கஹாலும் மிளகாயின் எரிச்சலைத் தூண்டிவிடும், பிறகு அணைப்பதற்காகக் குடிப்பதாகிவிடும், ருசிப்பதாக இருக்காது.

355 மில்லி பாட்டில் ஒன்றில் 4.9 சதவீதம் என்றால் ஏறக்குறைய 14 கிராம் ஆல்கஹால். அமெரிக்கக் கணக்கில் அது ஒரு முழு அளவு. மூன்று கட்டமாக ருசிப்பதற்கு ஒரு பாட்டில் தாராளம். இரண்டாவது பாட்டிலில் நாக்கு மந்தமாகி, முதல் பாட்டிலில் கண்டதையே மறக்கத் தொடங்கும் என்பது என் அனுபவம். பிறகு வண்டி ஓட்ட வேண்டியிருந்தால் அந்த ஒன்றையும் வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குடித்து முடித்ததும் கிளாஸை உடனே கழுவிவிடாதீர்கள். பீர் புதியதாகவும் கிளாஸ் சுத்தமாகவும் இருந்திருந்தால், ஒவ்வொரு மிடறுக்கும் ஒன்றாக உட்சுவரில் நுரை வளையங்கள் படிந்திருக்கும். மேலே உள்ளவை தடித்து, நெருங்கி இருக்கும். இடைவெளி விட்டுக் குடிக்கத் தொடங்கிய பிறகு விழுந்தவை மெலிந்து, தள்ளித் தள்ளி இருக்கும். அடியில் எஞ்சிய ஒரு சொட்டையும், அறைச் சூட்டுக்கே வந்த பிறகு, ஒருமுறை மோந்து பாருங்கள். ஹாப்ஸ் முற்றிலும் அடங்கி, வறுத்த பார்லியின் வாசனை மட்டும் நின்றிருக்கும்.